கட்டுத்தறியும் கருணையும்

அன்பினாலும் ஓர் உயிருக்குத் தீங்கு விளையுமோ? முதன்முறையாக நாய் வளர்க்க விரும்பும் இல்லறத்தார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

பிள்ளைகள் நாய்க்குட்டி வேண்டும் என்கின்றனர். நாமும் அழகையும் துள்ளலையும் கண்டு மகிழ்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அத்துள்ளல் நம் பொழுதுபோக்கிற்காக அமைந்ததன்று. பார்டர் கோலி என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறக் குன்றுகளில் நாள்முழுதும் செம்மறி மந்தைகளை மடக்கி ஓட்டிய இனம். சைபீரியன் ஹஸ்கி உறைபனி வெளியில் சறுக்குவண்டி இழுத்தது. நம் தென்பாண்டி நாட்டுச் சிப்பிப்பாறையோ முயலைத் துரத்தி ஓடும் வேட்டை நாய். பல தலைமுறைகளாக மனிதனே தேர்ந்து வளர்த்த வேகம் அது. அதனை இரண்டு அறைகளுக்குள் அடைத்தால் எங்கே செல்லும்? ஓயாத குரைப்பாகவும், கதவைப் பிறாண்டுதலாகவும், காலணியைக் கடித்துக் குதறுதலாகவும் வெளிப்படும். பின்னர் நாம் சங்கிலியைத் தேடுவோம்; அதற்குப் பின் கோலை எடுப்போம்.

யாமும் ஒருகாலத்தில் வேட்டையினக் குட்டி ஒன்றை விரும்பி வாங்கினோம். ஓராண்டிற்குள் அது பகலெல்லாம் முற்றத்து வேம்பில் கட்டுண்டு கிடந்தது. அடித்ததில்லை, பாலும் சோறும் குறைத்ததில்லை. ஆயினும் மரத்தைச் சுற்றி அதன் கால்கள் தேய்த்த வட்டத்தடம் மண்ணில் ஆழப் பதிந்திருந்தது. அகிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கட்டுதல் ஏன் முதலில் நிற்கிறது என்பதை அத்தடமே எமக்கு உணர்த்திற்று.

அங்ஙனமாயின் நாயே வளர்த்தலாகாதோ எனின், அவ்வாறன்று. வாங்குமுன் நம் வாழ்வை அளந்து பார்த்தல் வேண்டும். விடியலிலும் மாலையிலும் அதனுடன் நடக்கவும் ஓடவும் யாருளர்? ஆர்வம் தணிந்தபின்னும் 12 முதல் 15 ஆண்டுகள் அதனைப் பேண இயலுமோ? பிள்ளைகள் மேற்படிப்பிற்கு வெளியூர் சென்றபின் அப்பொறுப்பை ஏற்பவர் யார்? இவற்றிற்கு உறுதியான விடையில்லாதவர், குணம் தெளிவாகப் புலப்பட்ட, அமைதியான, வளர்ந்த நாயொன்றை ஏற்கலாம். ஆதரவற்றுத் தெருவில் திரியும் நாய்களுள்ளும் அத்தகையன பல உண்டு.

நமக்கு எந்த நாய் பிடிக்கும் என்பது விருப்பத்தின் கேள்வி. எந்த நாய்க்கு நம் வீடு சிறையாகாது என்பதே அறத்தின் கேள்வி. இரண்டாவதற்கு விடை கண்டபின் முதலாவதைக் கேட்போமாக.