யாருடைய வாழ்நாளில் வளர்ச்சி?

ஒரு நாடு வளர்கின்றது என்று நாம் கூறும்போது எதைக் கருதிக் கூறுகின்றோம்? ஆலைகளின் எண்ணிக்கையையா, கருவூலத்தின் நிறைவையா, அன்றி அந்நாட்டில் பிறந்து உழைத்து மறையும் மனிதனின் வாழ்வையா? இவ்வினா பொருளியல் நூல்களுக்கே உரியதுபோல் தோன்றினும், அதன் வேர் அறத்தில் இருக்கின்றது. இன்றைய தலைமுறை துன்புற்று உழைத்தால் நாளைய தலைமுறை இன்புறும் என்று அறிஞர்கள் திட்டம் வகுக்கின்றனர். அங்ஙனமாயின் அத்துன்பத்தைச் சுமப்பவர் யார், அவர் மனம் ஒப்பிச் சுமக்கின்றாரா, எத்தனை காலம் சுமப்பது என்னும் வினாக்கள் எழாமல் இரா. அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1960 ஆம் ஆண்டு நம் திருத்தணி வட்டாரத்திற்கு மறக்கவொண்ணாத ஆண்டு. அதற்கு முன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், சிலம்புச்செல்வர் ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் வகுத்த எல்லைத் தீர்வின்படியும், அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே 1960 இல் கடல் கடந்த நாட்டில் ஒரு நூல் வெளிவந்தது. பொருளியல் வளர்ச்சியின் படிநிலைகளைப் பற்றி அமெரிக்க அறிஞர் வால்ட் ராஸ்டோ எழுதிய நூல் அது. புதிதாய் விடுதலை பெற்ற நாடுகள் யாவும் எவ்வழியில் செல்லவேண்டும் என்பதற்கு அந்நூல் பல்லாண்டுக்காலம் ஒரு வழிகாட்டிபோல் கருதப்பட்டது.

எல்லா நாடுகளும் ஐந்து படிகளில் ஏறியே தீரவேண்டும் என்பது ராஸ்டோவின் கொள்கை. மரபுவழிச் சமுதாயம் முதற்படி, எழுச்சிக்கு ஆயத்தமாதல் இரண்டாவது, வானூர்தி தரையை விட்டு மேலெழுவதுபோன்ற எழுச்சி மூன்றாவது, முதிர்ச்சி நான்காவது, பொதுமக்கள் யாவரும் பொருள்களை மிகுதியாக நுகரும் நிலை ஐந்தாவது. இந்தியாவின் எழுச்சி 1952 இல் தொடங்கிவிட்டது என்று அவர் குறித்தார். எழுச்சி நிலைபெற இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். எழுச்சி தொடங்கியதிலிருந்து முதிர்ச்சியை எட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகும் என்பது அவர் கணக்கு.

திருத்தணி மக்களுக்குப் படிகள் புதியனவல்ல. மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365 என்பர். ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக அவை எண்ணப்படுகின்றன. டிசம்பர் 31 ஆம் நாள் இரவில் படிக்கொரு பாடலாகப் பாடிக்கொண்டு திரளானோர் ஏறுவதை இவ்வூரார் அனைவரும் கண்டிருக்கின்றனர். அங்கே அடிவாரத்தில் முதற்படியில் கால்வைத்தவர் எவரோ அவரே உச்சியையும் சென்றடைகின்றார். ராஸ்டோவின் படிகளிலோ அவ்வாறில்லை. 1952 இல் ஆறு வயதுச் சிறுவனாயிருந்தவனுக்கு, அவர் சொன்ன அறுபதாண்டு நிறைவுறும் 2012 இல் அகவை அறுபத்தாறு. அவன் தந்தையோ அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருப்பார். நாடு ஏறிவிட்டது எனலாம். ஏறத் தொடங்கியவர் ஏறவில்லை. நாட்டின் காலத்திற்கு ஓர் அளவு; மனிதனின் வாழ்நாளுக்கு வேறோர் அளவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேதான் வளர்ச்சிக் கொள்கைகள் பலவற்றின் குறைபாடு அடங்கியிருக்கின்றது என்பது நம் கருத்து.

இவ்விரு கால அளவுகளையும் இணைத்துப் பார்த்த மேதை ஒருவர் அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார். 1332 இல் தூனிசில் பிறந்து 1406 இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன், 1377 இல் எழுதிய தம் ‘முகத்திமா’வில், மக்கள் கூடிவாழ்ந்து செழிக்கும் நிலையை ‘உம்ரான்’ என்னும் சொல்லால் குறித்தார். அரசுகளுக்கும் மனிதரைப் போலவே வாழ்நாள் உண்டு என்பதும், ஒரு தலைமுறைக்கு நாற்பதாண்டு வீதம் மூன்று தலைமுறைக்கு மேல் ஓர் அரசு பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதும் அவர் கண்ட முடிபு. அநீதி எங்கு மிகுகின்றதோ அங்கு உம்ரான் அழியும் என்றார். அவ்வநீதிகளுள் மிகக் கொடியதாக அவர் எண்ணியவற்றுள் ஒன்று, மக்களிடம் கூலியின்றிக் கட்டாய வேலை வாங்குவது. உழைப்பே ஏழையின் முதல். அதனைப் பறிப்பது அவன் பிழைப்பையே பறிப்பதாகும் என்பது அவர் காட்டும் காரணம். ஒருவன் உழைப்பின் பயனை அவன் காணாத எதிர்காலத்திற்கென்று எடுத்துக்கொள்ளும் திட்டங்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

இனி, ராஸ்டோவினும் ஆழமாகச் சிந்தித்த ஆர்தர் லூயிசின் கொள்கைக்கு வருவோம். மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் லூசியாவில் பிறந்த அவர் 1954 இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 1979 இல் நோபல் பரிசும் அவரை நாடி வந்தது. ஏழை நாடுகளில் வயலிலும் குடிசைத் தொழிலிலும் தேவைக்கு மேற்பட்ட கைகள் இருக்கின்றன, பிழைப்பூதியத்தைக் காட்டிலும் சற்றே கூடுதலான கூலி கொடுத்தால் அவர்கள் ஆலைத் தொழிலுக்கு வந்துவிடுவர், முதலாளி தம் இலாபத்தை மீண்டும் தொழிலிலேயே இடுவார், ஆலைகள் பெருகும், மிகையான கைகள் தீரும்வரை கூலி உயராது, தீர்ந்தபின் தானே உயரும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இக்கொள்கையின் உண்மையைத் திருத்தணி நிலையத்தில் விடியற்காலை மின்தொடரில் ஏறுவோரே மெய்ப்பிப்பர். ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கும், இடைவழித் தொழிற்பேட்டைகளுக்கும் நாள்தோறும் எத்தனையோ பேர் சென்று மீள்கின்றனர். ஆயின், ‘தீரும்வரை’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வாழ்நாள்கள் அடங்கிவிடுகின்றன என்பதையும் நாம் நோக்கவேண்டும். அக்கட்டுரை வெளிவந்து எழுபதாண்டுகளுக்கு மேலாயின. இன்றும் நம் நாட்டின் உழைப்பாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் வேளாண்மையிலேயே இருக்கின்றனர்.

நம் வட்டாரத்து நெசவாளர் வாழ்வு இதனினும் தெளிவான சான்று. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை முதலான ஊர்களில் தறியோசை கேளாத தெரு அரிது. 1956 இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்த மகலநோபிஸ், அரசின் முதலீட்டைக் கனரகத் தொழில்களில் பெரிதும் செலுத்தினார். துணி முதலிய நுகர்பொருள்களை ஆக்கும் பொறுப்பைக் கைத்தறி போன்ற குடிசைத் தொழில்களிடம் விட்டார். எஃகாலை எழும்வரை கைத்தறி நாட்டுக்கு உடுத்தும், நெசவாளிக்கு உணவளிக்கும் என்பது எண்ணம். நிகழ்ந்ததோ வேறு. விசைத்தறி பெருகியது. கைத்தறிக்கெனச் சில வகைத் துணிகளை ஒதுக்கி 1985 இல் சட்டம் இயற்றியும், ஒதுக்கிய துணிகளையே விசைத்தறியில் நெய்வதைத் தடுக்க இயலவில்லை. கைத்தறியைக் கழற்றிவிட்டு விசைத்தறியைப் பூட்டிய குடும்பங்கள் பிழைத்தன எனினும், அவையும் நூல்விலை ஏறும்போதெல்லாம் தவிக்கின்றன. பாவு பிணைப்பதிலும் நாடா எறிவதிலும் நாற்பதாண்டுத் தேர்ச்சி பெற்ற கைகளை ஐம்பதாம் அகவையில் எந்த ஆலை ஏற்கும்? ஒரு தொழில் மறைந்து மற்றொன்று தோன்றியது என்று நூலில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அவ்விரண்டுக்கும் இடையில் வாழ்நாள் சிக்கிக்கொண்டவனுக்கு அவ்வரி ஆறுதலாகாது.

ஆலை வந்தவுடன் யாவும் சீராகிவிடும் என்பதற்கும் உறுதியில்லை. 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் கைப்பேசி ஆலையைத் தொடங்கியபோது, லூயிசின் கொள்கை கண்முன் நிறைவேறுவதாகவே தோன்றிற்று. சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் அங்கு வேலை பெற்றனர். பேருந்தில் வந்திறங்கி மாத ஊதியம் வாங்கும் பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் ஒரு மதிப்பும் ஏற்பட்டது. அந்நன்மையை நாம் மறைக்கலாகாது. ஆயினும், உலகச் சந்தையில் அந்நிறுவனத்தின் செல்வாக்குச் சரிந்தது. வரி வழக்கும் சேர்ந்தது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில் வேறொரு நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் கணக்கில் அந்த இடைவெளி சிறியது. வரவும் செலவும் நேராகிவிட்டன. இருபது வயதில் உள்ளே சென்று இருபத்தெட்டு வயதில் வெளியேறிய பெண்ணின் கணக்கில் அது நேராகவில்லை. இளமையின் எட்டாண்டுகளை அவளுக்கு யாரே திருப்பித் தருவர்?

“அப்படியானால் வளர்ச்சியே வேண்டாவா? பொருள் பெருகாமல் எதைப் பகிர்வது?” என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். ஆலையும் மின்சாரமும் சாலையும் இன்றியமையாதன. இல்லாமையைப் பங்கிட்டால் இல்லாமையே மிஞ்சும். நாம் கேட்பது வரிசை முறையைப் பற்றியது. முதலில் பெருக்கம், பின்னரே பகிர்வு என்னும் வரிசையை இயற்கை விதிபோல் போதித்தார்களே, அது உண்மைதானா?

அதற்குத் தமிழகமே விடை தந்திருக்கின்றது. 1956 இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் பெருமுயற்சியால், பள்ளிகளில் மதிய உணவு வழங்கப்பட்டபோது மாநிலம் செல்வம் கொழித்த மாநிலமன்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, பொருளியல் வல்லுநர் பலர் முகம் சுளித்தனர். ஆலைக்கும் அணைக்கும் செல்லவேண்டிய பணத்தைச் சோற்றில் கரைப்பதா என்றனர். தட்டேந்தி வரிசையில் நின்ற குழந்தைக்கு அவர்கள் கூறிய மறுமொழி ‘பொறு’ என்பதே. நாடு இருபதாண்டு பொறுக்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த ஆறாம் வயது மீண்டும் வருவதில்லை. அவ்வயதில் எய்தாத எலும்பின் வலிமையையும் எழுத்தறிவையும் இருபதாண்டு கழித்து வரும் செல்வம் ஈடுசெய்யாது.

பின்னர் விளைந்தது யாது? வீண்செலவு என இகழப்பட்டதை, நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கவேண்டும் என்று 2001 நவம்பர் 28 இல் உச்சநீதிமன்றம் ஆணையாகவே பிறப்பித்தது. 2020 இல் பிறந்த குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தோர், இந்தியா முழுமைக்கும் ஆயிரத்துக்கு 28, தமிழ்நாட்டில் 13. உணவுக்கும் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் முன்னதாகவே செலவிட்ட இம்மாநிலம் தொழிலில் பின்தங்கவுமில்லை. 2022-23 ஆம் ஆண்டுத் தொழிற்கணக்கின்படி இந்திய மாநிலங்களுள் தொழிற்சாலைகள் மிகுதியாக உள்ளது தமிழ்நாடே. ஜப்பானும் இவ்வழியே சென்றது. 1872 இல் அனைவர்க்கும் தொடக்கக் கல்வி என்று சட்டம் வகுத்தபோது அது ஏழை நாடாகவே இருந்தது. 1979 இல் லூயிசோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தியோடர் சுல்ட்ஸ், மக்களின் கல்வியிலும் உடல்நலத்திலும் இடும் பணமும் முதலீடே என்று எடுத்துரைத்தார். திருத்தணியில் 1888 இல் எளிய குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகை கொண்டே உயர்கல்வி கற்று, நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் வாழ்வு இதற்கு நம் ஊரே காட்டும் சான்றன்றோ? அவ்வுதவி கிட்டாமற் போன அவர்தம் காலத்துச் சிறுவர் எத்தனை பேரோ!

இன்னொரு நுட்பத்தையும் இங்குக் கருதவேண்டும். தன் தறியை விற்று மகளைப் படிக்கவைக்கும் நெசவாளியும், மகன் கல்விக்காகப் பாலைநாட்டில் இருபதாண்டு தனித்திருந்து பொருளீட்டும் தந்தையும் நம்மிடையே பலர். நம் இல்லங்களில் இதனை அறியாதார் இலர். அவர்களும் தம் வாழ்நாளை அடுத்த தலைமுறைக்கு ஈகின்றனர். எனினும் அவர்கள் தாமே தேர்ந்து, தம் குழந்தையின் முகம் பார்த்து ஈகின்றனர். அதன் பெயர் தியாகம். வேறெவரோ ஏட்டில் முடிவு செய்து, சுமப்பவரைக் கேளாமலே சுமத்துவதற்கு அப்பெயர் பொருந்துமா? பொறுமை என்னும் ஸபுர் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. அது தன் துன்பத்தில் ஒருவன் தானே கைக்கொள்ளும் பண்பு. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு அதனை உபதேசிப்பானாயின், அங்கே பொறுமை எவரிடமும் இல்லை. ஒருவனிடம் பசி இருக்கின்றது, மற்றவனிடம் அலட்சியம் இருக்கின்றது.

ஆதலின், எந்த வளர்ச்சித் திட்டம் நம்முன் வைக்கப்பட்டாலும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இதன் பயன் இதற்காக உழைப்பவரின் வாழ்நாளுக்குள் அவரைச் சேருமா? சேராதெனின், அவர் ஒப்புதல் பெறப்பட்டதா? காத்திருக்க இயலாத குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் காத்திருப்போர் வரிசையிலிருந்து விலக்கி முதலில் அமர்த்தியாயிற்றா? இவற்றைக் கேட்கப் பொருளியல் பட்டம் வேண்டுவதில்லை. வாக்குரிமை உடைய ஒவ்வொருவரும், ஊர்ச் சங்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் நடத்தும் ஒவ்வொரு பொறுப்பாளரும் கேட்கலாம். நம் ஊர்ப் பொதுநிதியிலிருந்து கட்டடத்துக்கு எவ்வளவு, மாணவனின் படிப்புக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் வேளையிலும் இவை பொருந்தும். கட்டடம் அடுத்த ஆண்டும் எழுப்பப்படலாம். இவ்வாண்டு பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுவன் அடுத்த ஆண்டு வேலைத்தலத்தில் இருப்பான்.