அறுந்த சரடு

பௌத்தத்தைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் போதி மரத்தடியில் தொடங்குவார்கள். நான் வைசாலியில், ஒரு வாசலுக்கு வெளியே தொடங்குகிறேன். அங்கே மகாபிரஜாபதி கோதமி அழுதபடி நிற்கிறாள். தாய் மாயா இறந்தபின் சித்தார்த்தனைப் பாலூட்டி வளர்த்த சிற்றன்னை. கபிலவஸ்துவில் மூன்று முறை துறவு கேட்டு மறுக்கப்பட்டவள். இப்போது தலையை மழித்து, காவி உடுத்தி, சாக்கியப் பெண்கள் பலரோடு நடந்தே வந்திருக்கிறாள். கால்கள் வீங்கியிருக்கின்றன; உடம்பெல்லாம் புழுதி.

அவளுக்காக உள்ளே போய்ப் பேசியவர் ஆனந்தர். அவர் கேட்டும் மூன்று முறை மறுப்புதான். பிறகு அவர் கேள்வியை மாற்றிப் போட்டார்: துறவு பூண்டால் பெண்களால் அருகத நிலைவரை எட்ட முடியுமா? முடியும் என்றார் புத்தர்.

வேறு பதில் சொல்ல அவருடைய தத்துவத்தில் இடமில்லை. வேட்கையால் துக்கம் பிறக்கிறது, அதை அணைக்க வழியுண்டு, நிலையான 'நான்' என்று ஒன்று இல்லை, இருப்பது ஐந்து கந்தங்களின் கூட்டு மட்டுமே என்பது அவர் போதனை. 'நான்' நிலையற்றதென்றால் 'பெண்' மட்டும் எப்படி நிலைத்துவிடும்? சோமா என்ற பிக்குணியிடம் மாரன் வந்து, இரண்டு விரல் அறிவுள்ள பெண்ணுக்கு ஞானம் எதற்கு என்று ஏளனம் செய்கிறான். சோற்றை இரண்டு விரலால் நசுக்கிப் பதம் பார்க்கிறவள்தானே என்பது உரைகாரர் தரும் விளக்கம். மனம் ஒருமைப்பட்டபின் பெண் என்பதில் என்ன இருக்கிறது, தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ எண்ணிக்கொண்டிருப்பவரிடம் போய்ப் பேசு என்று அனுப்பிவிடுகிறாள் அவள். (மாரனைப் பல கருத்தரங்குகளில் நானும் சந்தித்திருக்கிறேன்.)

தத்துவம் திறந்த கதவில் விநயம் எட்டு நிபந்தனைகளை மாட்டியது. முதலாவது, நூறு ஆண்டு துறவில் இருந்த பிக்குணியும் அன்றைக்குத் துறவு பூண்ட பிக்குவை எழுந்து வணங்க வேண்டும். இன்னொன்று, பிக்குணி பிக்குவுக்கு அறிவுரை சொல்லக் கூடாது. இவை பிற்காலச் சேர்க்கை என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. பிக்குணி சங்கமே தோன்றாத நாளில் சொன்னதாக வரும் விதி, அதன் இரண்டாண்டுப் பயிற்சிநிலையைப் பற்றிப் பேசுவது எப்படி என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனாலும் புத்தரைக் காப்பாற்றிக் கொடுக்கும் வேலையை நாம் ஏற்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அவர் சொல்லியிருந்தாலும் அது அநீதிதான். பெண்களுக்காகப் பரிந்து பேசியதை, புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய தேரர்கள் ஆனந்தரின் குற்றங்களுள் ஒன்றாக அடுக்கினார்கள்.

இன்றைய தேரவாத நாடுகளில் பெண்ணுக்குத் துறவை மறுப்பவர்கள் இந்த நிபந்தனைகளைவிடப் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருப்பது வேறொரு காரணத்தை. பிக்குணி ஆவதற்குப் பிக்குணி சங்கமும் பிக்கு சங்கமும் சேர்ந்து உபசம்பதை தர வேண்டும். பிக்குணிப் பரம்பரை அறுந்துவிட்டது. எனவே இனி யாரும் ஆக முடியாது.

எப்படி அறுந்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் மகள் சங்கமித்தை அனுராதபுரத்தில் தொடங்கிவைத்த அந்தச் சங்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 993இல் தொடங்கிய சோழர் ஆட்சிக்குப் பின் அது தடமில்லாமல் போகிறது. மணிமேகலை என்னும் பிக்குணியைக் காப்பியத் தலைவியாக்கிய மொழியில் பாடம் நடத்துகிறவள் நான். ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்ததைப் பெருமையாகச் சொல்லும் நாம், கடலுக்கு அப்பால் அறுந்ததைச் சொல்வதில்லை.

பிக்குகளின் பரம்பரையும் அப்போது அறுந்தது. 1070இல் சோழரை வெளியேற்றிய விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து அதை மீட்டான். மறுபடி நலிந்தபோது 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரர் வந்து மீட்டார். இன்றைய சியாம் நிகாயம் அப்படிப் பிறந்ததுதான். ஆண்களின் சரடு அறுந்தால் கப்பல் அனுப்பினார்கள். பெண்களின் சரடு அறுந்தபோது அதையே சட்டமாக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சரடு முழுவதும் அறுந்துவிடவும் இல்லை. 5ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனாவுக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு உபசம்பதை தந்திருந்தார்கள். சீனா, கொரியா, தைவான் என்று மகாயான நாடுகளில் அது இன்றும் தொடர்கிறது. 1996இல் சாரநாத்தில் கொரியத் துறவிகள் முன்னிலையிலும், 1998இல் புத்த கயையில் தைவான் மடத்தின் ஏற்பாட்டிலும் இலங்கைப் பெண்கள் மீண்டும் பிக்குணிகள் ஆனார்கள். அது மகாயானத் துறவு, செல்லாது என்றார்கள் எதிர்த்தவர்கள். கிழக்காசியத் துறவிகள் பின்பற்றும் தர்மகுப்த விநயம் மகாயானத்தினுடையதல்ல. தேரவாதத்தைப் போலவே பழைய பிரிவொன்றினுடையது. திபெத்திய மரபுக்கு முழுமையான பிக்குணிப் பரம்பரை வந்து சேரவே இல்லை. 2022இல்தான் பூடானில் 144 பெண்கள் அந்தத் துறவைப் பெற்றார்கள். தாய்லாந்தில், பெண்களுக்குத் துறவு தரக் கூடாதென்று 1928இல் சங்கத் தலைவர் பிக்குகளுக்கு இட்ட ஆணை இன்னும் நீங்கவில்லை. அங்கே பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த சாட்சுமான் கபில்சிங் இலங்கைக்குப் போய் 2003இல் பிக்குணி தம்மானந்தா ஆனார். அவருடைய தாய் வோரமாய் 1971இலேயே தைவானில் துறவு பெற்று வந்தவர்.

கோதமியின் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. எட்டு நிபந்தனைகளையும் மாலையைத் தலையில் சூடுவதுபோல் ஏற்றுக்கொண்டாள் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பின்னொரு நாள் அவள் மறுபடி ஆனந்தரிடம் வருகிறாள். ஒரே ஒரு வரம் வேண்டும் என்கிறாள்: ஆண் பெண் பார்க்காமல், துறவில் மூத்தவரை இளையவர் வணங்கட்டும். மறுக்கப்படுகிறது. பிக்குகள் காத்து வந்த அதே விநய நூலில்தான் அவள் கேட்டதும் எழுதப்பட்டிருக்கிறது.