மதம் மாறாத விரல்கள்

புரோகிராமர்களிடம் கடவுளைப் பற்றிக்கூட நிதானமாகப் பேசிவிடலாம். எடிட்டரைப் பற்றிப் பேசுவது கடினம். வீஐ, ஈமேக்ஸ் என்ற இரண்டு எடிட்டர்களும் 1976-இல் பிறந்தவை. முன்னது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், பின்னது எம்.ஐ.டி.யில். இரண்டு தரப்பும் இன்றுவரை ஓயவில்லை. ஈமேக்ஸின் பிதாமகர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கி அணிந்து, பழைய கணினியின் வட்டைத் தலையில் ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு, 'ஈமேக்ஸ் திருச்சபை'யின் புனிதராக மேடையேறுவார். வீஐ பயன்படுத்துவது பாவமா என்றால், கட்டற்ற மென்பொருளாக வரும் வீஐ பாவமல்ல, பரிகாரம் என்பார்.

கேலிதான். ஆனாலும் அதற்குள் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. ஒருவர் மாறிவிட்டார் என்று எப்போது சொல்வது? மனம் ஒப்பும்போதா, உடம்பு ஒப்பும்போதா?

வீஐயின் வாரிசான விம்மில் பல வருடம் ஊறியவர் விஎஸ் கோடு என்ற வேறொரு எடிட்டருக்கு வருகிறார். மாறுவதற்கான காரணங்களெல்லாம் தெளிவு. ஆனால் கீழ்வரிக்குப் போக நினைத்ததும் விரல் ஜேயை அழுத்துகிறது. கோப்பில் 'ஜேஜேஜே' என்று எழுத்துகள் வரிசைகட்டி விழுகின்றன. சேமிக்க நினைத்தால் கோலனும் டபிள்யூவும் நிரலின் நடுவே வந்து உட்காருகின்றன.

வீஐயில் கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளுக்குப் பின்னால் தத்துவம் எதுவும் இல்லை. பில் ஜாய் வீஐயை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. அம்புகள் அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. அவரிடம் இருந்ததோ 300 பாட் மோடம், நொடிக்குச் சுமார் 30 எழுத்து. கட்டளைகள் ஓரெழுத்து, ஈரெழுத்தாகச் சுருங்கியதற்கு அந்த நத்தை வேகமும் ஒரு காரணம். முனையம் போய்விட்டது, மோடம் போய்விட்டது. சடங்கு மட்டும் நிற்கிறது.

கடவுளை நம்ப விரும்பியும் நம்ப முடியாதவருக்குத் தத்துவவாதி பாஸ்கல் ஒரு வழி சொன்னார்: நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் நீயும் செய், நம்பிக்கை பின்னால் வரும். அவர் இறந்தபின் 1670-இல் அச்சான குறிப்புகளில் இது இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வேறொரு சடங்கில் ஊறிய கைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு இது போதாது.

தத்துவவாதி மெர்லோ-போன்தி 1945-இல் அந்தக் கைகளைப் பற்றியே எழுதினார். பழக்கம் என்பது கைகளில் இருக்கும் அறிவு. தேர்ந்த ஆர்கன் கலைஞருக்குப் பழக்கமில்லாத ஆர்கன்கூட ஒரு மணிநேரப் பயிற்சியில் வசப்படும் என்றார். புரோகிராமருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆர்கன்களில் விசைப்பலகைகளின் எண்ணிக்கையும் ஒலியை மாற்றும் குமிழ்களின் இடமும் மாறினாலும் வாசிப்பின் இலக்கணம் ஒன்றே. விம்மில் 'டி'யும் 'டபிள்யூ'வும் சேர்ந்தால் ஒரு சொல் அழியும், வினையும் செயப்படுபொருளும் போல. வேறு எடிட்டரில் அதே விசைகள் வெறும் எழுத்துகள்.

ஆகவே பலரும் பழைய தெய்வத்தைப் புதுக் கோயிலுக்கே கூட்டிவந்துவிடுகிறார்கள். விஎஸ் கோடில் விம் நீட்சி உண்டு. ஈமேக்ஸுக்குள்ளேயே வீஐ போல நடந்துகொள்ளும் 'ஈவில்' உண்டு. இதைப் பித்தலாட்டம் என்பது அநியாயம். பழைய சடங்கு எடிட்டர்களுக்கு வெளியேயும் வாழ்கிறது: ஜிமெயிலில் குறுக்குவிசைகளை இயக்கினால் கடிதத்துக்குக் கடிதம் தாவ இன்றும் ஜேயும் கேயும்தான். அழுத்துகிறவர்களில் எத்தனையோ பேர் வீஐயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.