கொள்கை வேறு, கேண்மை வேறு

சிவமயம்

சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் உபாத்தியாயர்களே!

ஏயர்கோன் கலிக்காம நாயனார் சரித்திரத்தை நாம் மாணாக்கருக்குச் சொல்லுகின்றோம். சிவபெருமானைப் பரவையாரிடத்துத் தூதாக அனுப்பினார் என்று சுந்தரமூர்த்தி நாயனார்மேற் கலிக்காமர் வெகுண்டார். தம் சூலைநோய் சுந்தரராலன்றித் தீராதென அறிந்தும், அவரால் நோய் நீங்குதலினும் உயிர் நீங்குதலே நன்றெனத் தம் வயிற்றைக் கிழித்தார். அதுகண்ட சுந்தரர் தாமும் இறக்கத் துணிந்து வாளை எடுத்தார். திருவருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அவ்வாளைப் பற்றித் தடுத்தார். பின் இருவரும் நண்பராய்த் திருப்புன்கூர் சென்று வணங்கினர். வெகுளி கொள்கையிற் பிறந்தது. ஆயினும் எதிர்நின்றவர் உயிர்போகப் பொறுத்திலர்.

அரசியலிலும் இத்தகைய நட்பு உண்டோ எனின், உண்டு. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையவர்களிடம் சென்னையிலே தமிழ் கற்றவர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார், பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதிய சைவர். 1924-ஆம் ஆண்டு வைக்கத்திலே தீண்டாமையை எதிர்த்துச் சிறைசென்ற ஈ. வெ. இராமசாமிப் பெரியாரை அவர் தமது நவசக்தியிற் பாராட்டினார். 1925-இற் காஞ்சிபுரத்துக் காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை வகித்த முதலியார் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதித்திலர். இராமசாமியார் வெளியேறினார்; பின் சமயத்தையும் புராணங்களையும் கண்டித்தார். முதலியார் தம் சமயத்தை விட்டிலர். அவர் தம் மறுப்பை விட்டிலர். ஆயினும் நட்பு முறிந்திலது. 1948-இற் கட்டாய இந்தியை எதிர்த்தபோது இருவரும் ஒருபக்கம் நின்றனர்.

அடியேன் செய்த பிழையொன்றை ஈண்டு மறையாது சொல்லுவேன். ஒரு தேர்தற்காலத்தில், வகுப்பிலே ஒரு கட்சியாரை எள்ளி நகையாடினேன். மாணாக்கர் சிரித்தனர். ஒருவன் மாத்திரம் தலைகவிழ்ந்திருந்தான். அவன் தந்தை அக்கட்சிக்கு உழைத்தவர். அன்றுமுதல் அவன் என்னிடம் ஐயம் வினவ வந்திலன். அவனருகிருந்த தோழனும் வேறு வாங்குக்குப் போயினான். அவர்களைப் பிரித்தவர் தந்தையரல்லர், யானே. பத்துநாட் கழித்து வகுப்பார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. மாலையில் இலக்கணக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

சிவஞானசித்தியார் பரபக்கத்திலே அருணந்தி சிவாசாரியர் பிறர்மதத்தை முதலில் எடுத்துக்கூறிய பின்னரே மறுக்கின்றார். அம்முறையை வகுப்பிற் கைக்கொள்ளுக. எதிர்க்கட்சியான் சொல்லியதை அவனே ‘ஆம்’ என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லிய மாணாக்கனே அதனை மறுக்க உரியன் என்று விதியுங்கள். கருத்தை மறுக்க, ஆளை இகழாதொழிக. நட்பின்பொருட்டு உண்மையென்று கண்டதை மறைத்தலும் வேண்டா. அது நட்பன்று, அச்சம்.

வாதம் முடிந்தபின் இருவரும் ஒரே வாங்கில் இருக்கின்றனரா என்று பாருங்கள். அதுவே நம் கற்பித்தலுக்குப் பரீட்சை. அதற்குமுன் நாம் நம் நாவைக் காத்தல் வேண்டும். மாணாக்கர் நம் சொல்லினும் நம் நகைப்பை விரைந்து கற்பர்.

திருச்சிற்றம்பலம்.