உலோகமும் சரீரமும்

தகனம் முடிந்தபின் சாம்பலினிடையே உருகாமல் எஞ்சிக் கிடக்கும் டைட்டேனியத் தண்டு, இறந்தவருடைய சரீரத்தில் ஓர் அங்கமா, அன்றி அவர் சில காலம் பயன்படுத்திய கருவி மட்டுமா என்ற கேள்வி, பீலெஃபெல்ட் முதலான ஜெர்மானிய நகரங்களில் இன்று முதுமை எய்திவரும் ஈழத் தமிழர்களுக்கு வெறும் தர்க்க விநோதம் அன்று. இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சை இந்நாட்டில் சர்வ சாதாரணமாகிவிட்டது. அஸ்தியைப் பொறுக்கி நீரில் கரைக்கும் மரபில் வந்த பிள்ளைகளோ, எலும்பும் உலோகமும் ஒருங்கே கிடக்கும்போது எதை அஸ்தி என்று கொள்வது எனத் திகைக்கின்றனர்.

அவ்வுலோகத்தின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்வது நலம். 1791-ல் கார்ன்வால் பாதிரியார் வில்லியம் கிரிகர் கருமணலில் கண்டெடுத்ததும், 1795-ல் பெர்லின் ரசாயன அறிஞர் கிளாப்ரோத் கிரேக்க புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டியதுமான இம்மூலகம், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட் என்னும் கனிமமாக ஏராளமாய்க் கிடக்கிறது. எஃகின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவிகிதமே கொண்டு, 1668 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரை உருகாது, காற்றுப் பட்ட கணமே கண்ணுக்குப் புலனாகாத ஆக்சைடுப் படலத்தைத் தானே போர்த்திக்கொண்டு, குருதியின் உப்புக்கும் அரிபடாமல் நிற்பது அது. நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் கலந்த அதன் கலப்புலோகம் விமானங்களுக்குப் பயன்பட்டது போலவே மனிதத் தொடைக்கும் பயன்படலாயிற்று. அக்கலப்புலோகத்தின் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழப் பாதிதான்; இந்த நெகிழ்ச்சியே அதன் பெருமை என்பேன். ஏனெனில், விறைத்த உலோகம் சுமையனைத்தையும் தானே தாங்கிவிட்டால், வேலையற்றுப்போன எலும்பு மெலிந்து தேய்ந்துவிடுகிறது. 1950-களில் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற வைத்தியர், முயலின் கால் எலும்பில் பதித்திருந்த டைட்டேனியக் குழலைக் கழற்ற முயன்றபோது அது வர மறுத்தது. எலும்பு அதனோடு இறுகப் பற்றி வளர்ந்திருந்தது.

இனி, சரீரம் என்பது யாது? மாம்சமும் எலும்பும் கொண்டது என்று பாமர வழக்கில் சொல்லிவிடலாம். பிரம்மசூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் வைணவ ஆசாரியர் இராமாநுஜர் அவ்வாறு சொல்லவில்லை. அறிவுள்ள ஆத்மாவாகிய சேதனன் ஒருவன் எந்தத் திரவியத்தைத் தன் பொருட்டு முழுமையும் நியமிக்கவும் (ஏவி ஆளவும்) தரிக்கவும் (தாங்கி நிறுத்தவும்) வல்லவனோ, எது அவனுக்கு அடங்கியிருப்பதையே தன் இயல்பாகக் கொண்டதோ, அதுவே அவனுடைய சரீரம் என்பது அவர் வகுத்த இலக்கணம். அனைத்துலகையும் ஈசுவரனுடைய சரீரமாக நிலைநாட்டவே அவர் இதை வகுத்தார் என்றாலும், எதனால் ஆனது என்று கேளாமல் யாருக்காக, யாரால் என்று கேட்கும் இந்த இலக்கணம், சைவ மரபில் வந்த குடும்பங்களுக்கும் இந்த உலோகத் தண்டின் விஷயத்தில் வழிகாட்டக் கூடியது.

ஆயினும் ஓர் ஆட்சேபம் எழுகிறது. அதை எழுப்புதற்குப் பீலெஃபெல்டைவிடத் தக்க ஊர் இல்லை. 1867-ல் காக்கைவலிப்புற்றோருக்காக இங்கே தொடங்கப்பெற்று, 1872 முதல் பாதிரியார் போடல்ஷ்விங் தலைமையில் வளர்ந்த பேதேல் என்னும் தர்ம ஸ்தாபனத்தில் வாழ்ந்தோருடைய சரீரம், வலிப்பு வந்த நேரங்களில் அவர்கள் நியமனத்துக்கு அடங்கியதில்லையே. அப்படியானால் அது அவர்களுடைய சரீரம் அன்றா? இக்கேள்வியை இராமாநுஜர் முன்னரே கண்டிருக்கிறார். நோயுற்ற உடலிலும் நியமிக்கும் சக்தி உண்டு. நெருப்பின் வெம்மை சில வேளை தடைப்படுவது போல, பிரதிபந்தம் ஒன்றினால் அச்சக்தி வெளிப்படாதிருக்கிறது, அவ்வளவே என்பது அவர் சமாதானம். இதை நான் பெரிதும் போற்றுகிறேன்; இதன் மதிப்பைப் பேதேலின் பிற்கால வரலாறே காட்டும். நாஜி ஆட்சியில் பேதேலிலும் பலருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் 1940-ல், நோயாளிகளைக் கொல்லும் நாஜித் திட்டத்துக்கு ஆள் பொறுக்கும் வினாத்தாள்கள், நோயாளி எவ்வகை வேலைக்கு உதவுவார் என்றும் விசாரித்து வந்தபோது, போடல்ஷ்விங்கின் புதல்வர் தலைமையிலிருந்த பேதேல் அவற்றை நிரப்ப மறுத்தது. சரீரம் அதற்குரிய ஆத்மாவின் பொருட்டே உள்ளது, அரசின் உழைப்புக் கணக்கின் பொருட்டு அன்று என்னும் உண்மை அம்மறுப்பிலும் இருந்தது.

இவ்வளவில் டைட்டேனியத்துக்கு வருவோம். உயிர் நீங்கிய உடனே மாம்சம் குலைகிறது, உலோகம் குலையவில்லை, ஆகவே ஆத்மா அதைத் தரிக்கவில்லை என்று வாதிக்கலாம். உலோகம் என்ற அளவில் அவ்வாதம் சரியே. ஆனால் தொடையாக நிற்கும் அளவில், அதைப் பற்றியிருக்கும் எலும்பு நாள்தோறும் தேய்ந்தும் புதிதாய் வளர்ந்தும் வருவதனாலேயே அது நிற்கிறது. அவ்வளர்ச்சியோ உயிரின் செயல். ஊன்றுகோலை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கலாம், இதைக் கொடுக்க இயலாது. படியேற வேண்டுமென்று ஒருவர் எண்ணினால் கையைப் போலவே அவ்வெண்ணத்துக்கு அது இணங்குகிறது. ஆதலின் வாழ்ந்த காலமெல்லாம் அது சரீரமே என்பது என் துணிபு.

ஆத்மா நீங்கியபின்? அவ்விலக்கணப்படி எலும்பும் சரீரம் அன்று, உலோகமும் அன்று; இரண்டும் அன்பினால் மரியாதை பெறும் எச்சங்கள், இரண்டுக்கும் ஒரே தரம். பிணங்களின் தங்கப் பற்களைத் தகனசாலை ஊழியர் அபகரித்த வழக்கில், 2015-ல் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும், உடலோடு உறுதியாக இணைந்திருந்த அந்நியப் பொருள்கள் உட்பட எரிந்தபின் எஞ்சும் அனைத்தும் சாம்பலே என்று தீர்ப்பளித்தது. தகனசாலைகளில் இவ்வுலோகங்களைப் பிரித்து உருக்குவதற்கு அனுப்பி, கிடைக்கும் பணத்தைத் தர்ம காரியங்களுக்கு அளிக்கும் வழக்கம் உண்டு. குடும்பத்தார் இசைந்தால் அதில் தோஷம் ஏதும் நான் காணவில்லை. உலோகத்தைச் சாம்பலோடு வைக்க விரும்புகிறவர்கள் அவ்வாறே செய்யலாம். பல நூற்றாண்டு கரையாத பொருளாதலின் ஆற்றில் இடுவது மட்டும் தகாது. கேளாமல் பிரித்தெடுப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். தகனத்துக்கு முன்பே, எலும்பைக் குறித்துக் கேட்பது போலவே இதைக் குறித்தும் பிள்ளைகளைக் கேட்க வேண்டும்.