அக்குளுக்கடியில் ஒரு தடி

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அக்கா கேட்டது சாதாரணக் கேள்விதான். “பாவம், அலுத்துப்போய் நிக்கிறான். அந்தத் தடியைக் கீழே போட்டா என்னடா?” பதிலுக்குக் காத்திராமல் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிட்டாள். எனக்குத்தான் ஊர் திரும்பிய பிறகும் அது ஓயவில்லை.

அந்தச் சிலை ஹெர்குலிஸ். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் முதலில் சைக்கிள், அப்புறம்தான் கிரேக்கம். ரோமில் கரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுகளில் 16-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. உயரம் 3 மீட்டருக்கும் மேல். லைசிப்பஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்ததைப் பின்பற்றி, கிளைக்கான் என்ற ஏதென்ஸ்காரர் பளிங்கில் வடித்தது. தசைகள் கொஞ்சம் அதிகம்தான், உண்மையைச் சொன்னால். எல்லாரும் பின்பக்கம் போய், முதுகுக்குப் பின்னால் வலது கையில் அவன் வைத்திருக்கும் தங்க ஆப்பிள்களைத் தேடிப் பார்க்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தது இடது அக்குளை. தடியின் தலை அங்கே முட்டுக் கொடுத்திருக்கிறது. தடிக்கும் அக்குளுக்கும் நடுவே சிங்கத்தோல். நெமியாவில் எந்த ஆயுதமும் துளைக்காத தோல் என்று பெயரெடுத்த சிங்கம் அது. வெறுங்கையால் கழுத்தை நெரித்துக் கொன்று, தோலை உரிக்கக் கத்தி இறங்காமல், அதன் நகத்தாலேயே உரித்தானாம். அப்படிப்பட்ட தோல் இங்கே அக்குள் நோகாமலிருக்க வைத்த மெத்தை. தடியை உருவினால் ஆள் சரிந்துவிடுவான். கீழே போடச் சொல்வது சுலபம்.

விழுவது மட்டுமில்லை, அவன் யாரென்றும் தெரியாது போகும். தோலும் தடியும் இல்லாவிட்டால் அவன் தாடிவைத்த இன்னொரு பயில்வான். அலெக்சாந்தரின் படை இந்தியாவுக்கு வந்தபோது சிபே என்றொரு கூட்டத்தாரைப் பார்த்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதுகிறார். தோலாடை உடுத்தியவர்கள், கையில் தடி வைத்திருந்தவர்கள், மாட்டுக்குத் தடியின் உருவத்தையே சூடாகப் போட்டவர்கள். அவ்வளவு போதும் மாசிடோனியர்களுக்கு: இவர்கள் ஹெர்குலிஸின் படையில் பின்தங்கியவர்களின் வம்சம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். முகமோ பேச்சோ யாருக்கு வேண்டும்?

அப்பாவுக்கும் ஊரில் பெயர் பிரம்பு வாத்தியார். சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. நுனி லேசாகப் பிளந்து, பிடி மட்டும் கறுத்து வழவழத்த பிரம்பு. கணக்கு வராத பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தது அதனால்தான் என்று இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு. அதே பிரம்பில் அடிவாங்கிய மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் பக்கமே வராமல் போன பையனும் உண்டு. அவன் வீட்டுத் தெரு வழியே போவதை அப்பா பிறகு தவிர்த்தார். ஆனால் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பிரம்பு வீட்டோடுதான் இருந்தது. மொட்டைமாடியில் வடகம் காயும்போது காக்கா ஓட்டினார். முட்டி தேய்ந்து நடக்க முடியாத நாளிலும் அதையே கையில் வைத்திருந்தார். பிரம்பு எங்கே ஊன்ற உதவும், வளையும். அவர் போன பிறகு பிரம்பை எடுத்துப் போனது அக்கா. எதற்கென்று நான் கேட்கவில்லை.

கல்லூரி நாளில் படித்து மறந்திருந்த யூரிப்பிடிஸின் நாடகம் ஒன்று இந்த இடத்தில் குறுக்கே வந்தது. ஹெர்குலிஸ் தனக்கு விதிக்கப்பட்ட பணிகளை எல்லாம் முடித்து வீடு திரும்புகிறான். ஹீரா தேவி ஏவிவிட்ட பித்து பிடிக்கிறது. பெற்ற பிள்ளைகள் மூவரையும் மனைவியையும் கொன்றுவிடுகிறான். அம்பாலும் கொன்றான், தடியாலும் கொன்றான். தெளிந்த பிறகு, நண்பன் தீசியஸ் அவனை ஏதென்ஸுக்கு அழைத்துப் போக நிற்கிறான். கிளம்பும் நேரத்தில் ஆயுதங்கள் முன்னால் தயங்குகிறான். எடுத்துக்கொண்டால், நடக்கும்போதெல்லாம் இவை விலாவில் இடித்து, எங்களால்தானே உன் பிள்ளைகளைக் கொன்றாய் என்று சொல்லிக்கொண்டே வருமே. விட்டுவிட்டால், பகைவர் கையில் கேவலமாகச் சாக வேண்டும். எடுத்துக்கொள்கிறான், அழுதபடி.

பகைவர் பயம் என்று அவன் சொல்லும் காரணத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. வேறு வில் கிடைக்காதா? ஏதென்ஸில் தடிக்கா பஞ்சம்? விலாவில் இடிக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்றே எடுத்தானோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அதெல்லாம் இல்லை, பழகிய கைக்கு வேறு பிடி ஒத்துவராது, அவ்வளவே என்று இன்னொரு நேரம். பிராயச்சித்தமும் பழக்கமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. சுமக்கிறவனுக்காவது வித்தியாசம் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஒரு முறை அவன் தடியை இறக்கி வைத்ததாகவும் கதை இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றிய பவுசானியஸ், டிரோசென் ஊரில் கேட்டதை எழுதிவைத்தார். அங்கே ஹெர்மீஸ் தெய்வத்தின் சிலைமேல் ஹெர்குலிஸ் தடியைச் சாய்த்து வைத்தானாம். காட்டு ஆலிவ் மரத்துத் தடி. வேர்விட்டுத் துளிர்த்து மறுபடி மரமாகிவிட்டதாம். நம்புகிறவர்கள் நம்பட்டும் என்று மனிதர் நைசாகக் கழன்றுகொள்கிறார். ரோமக் கவி ஓவிட் சொல்லும் முடிவு வேறு. விஷம் தோய்ந்த ஆடை உடலோடு ஒட்டி எரிக்க, ஈட்டா மலையில் தனக்குத்தானே சிதை அடுக்குகிறான். மேலே சிங்கத்தோலை விரிக்கிறான், தடியைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான், விருந்துக்கு வந்தவன் போன்ற முகத்தோடு.

டிரோசென் கதை எனக்குப் பிடித்திருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. ஓவிட்டை நம்ப முடிகிறது, அந்த முகத்தைத் தவிர. பிள்ளைகளைக் கொன்ற தடியைத் தலைக்கு வைத்தவன் அப்படிப் படுத்திருப்பானா? மன்னித்தவனும் அப்படிப் படுக்கலாம், மரத்துப்போனவனும் படுக்கலாம். அப்பாவின் கடைசி நாட்களை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் இந்த இருவரில் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.