பாகு காத்திருப்பதில்லை

பண்டிகைக்கு வீட்டில் இனிப்பு செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும்போது, உறவு உண்டாவது தட்டு கைமாறும் நொடியிலா, அடுப்படியிலேயா என்ற கேள்வியைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு கேட்பது பொருத்தமானது. ஏனெனில், இங்குள்ள பழைய பலகாரத் தட்டு பெரும்பாலும் அண்டை மண்ணின் விளைச்சலால் ஆனது: 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரில் விளைந்த நெல்லின் பொரி, மானாவாரி நிலத்துக் கடலையும் எள்ளும், மலைத் தோட்டங்களிலிருந்து போடிக்கு இறங்கிவரும் ஏலக்காய்.

இன்று தட்டின் உள்ளடக்கம் மாறிவருகிறது. கூடலூரையும் லோயர் கேம்ப்பையும் கடந்து மலையேறினால் வரும் குமுளியிலும், மறுபக்கம் கொடைக்கானலிலும் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் என்ற பலகை பல கடைகளில் தொங்குகிறது. கடையில் விற்கும் பண்டத்துக்கு வீட்டின் பெயர் தேவைப்படுவது வேடிக்கைதான். அதைப் பார்த்து வீடுகளிலும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் எனும் கட்டியை உருக்கி, நட்சத்திரம், கரடி, குத்துவிளக்கு வடிவங்களில் கிடைக்கும் சிலிகான் அச்சுகளில் ஊற்றிக் குளிரவைத்தால் போதும். அசல் சாக்லேட்டுக்கு வேண்டிய நுட்பமான வெப்பக் கட்டுப்பாடு இதற்கு வேண்டியதில்லை என்பதால், ஒருவர் தனியாக, வீடு உறங்கிய பிறகு, நூறு துண்டுகளைக்கூடச் செய்து முடித்துவிடலாம்.

கடலை உருண்டையை அப்படிச் செய்ய முடியாது. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சும்போது, நீர் வற்ற வற்றக் கரைசலின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. முதலில் விரல்களுக்கிடையே இழையாக நீளும் கம்பிப் பதமும், பிறகு தண்ணீரில் விட்ட துளி கரையாமல் கையில் திரளும் உருட்டுப் பதமும் வருகின்றன. அந்தப் பதத்தில் இறக்கி, தோல் நீக்கிய வறுகடலையைக் கொட்டிக் கிளறியதும், விரல் பொறுக்கும் சூடு வந்த உடனே, கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு உருட்டியாக வேண்டும். ஆறினால் கலவை சட்டியோடு கல்லாகிவிடும். ஒரு படி கடலைக்கு இரண்டு கை போதாது. அதனால் எதிர்வீட்டு மதினியும் பக்கத்து வீட்டு அத்தையும் வந்து சட்டியைச் சுற்றி உட்கார வேண்டியிருந்தது. மறுநாள் அவர்கள் வீட்டு அடுப்புக்கு இவர்கள் போக வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு முன்பே கொடுப்பவர் கடன்பட்டுவிடுகிறார்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ், 1925-இல் வெளிவந்த தம் ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகளாக நின்று சமூகத்தைப் பிணைப்பதாக விளக்கினார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத நம் வழக்கம் அதற்கு நல்ல சான்று. ஆனால் மோஸின் கண் கைமாறும் பொருளின் மீதே பெரிதும் இருந்தது. இங்கோ பாகின் அவசரமே மனிதரைக் கூட்டிவைத்தது.

இதை வைத்துப் பழைய காலத்தைக் கொண்டாடிவிடவும் முடியாது. சுட்ட கைகள் எல்லாம் பெண்களுடையவை. சமைத்த பண்டம் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. சட்டியைச் சுற்றி யார் உட்காரலாம் என்பதில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருந்தது. எவர் வீட்டிலிருந்தும் எவருக்கும் போகக்கூடிய சாக்லேட் பெட்டி, அந்த அளவில், நேர்மையான முன்னேற்றமே.

புதுமை வடிவங்களையும் குறை சொல்ல வேண்டியதில்லை; நம் திருவிழாக்களிலும் அவை உண்டு. வீரபாண்டி சித்திரைத் திருவிழா போன்ற கூட்டங்களில் மூங்கில் கழியோடு வரும் ஜவ்வு மிட்டாய்க்காரர், இளஞ்சிவப்பு மிட்டாயை இழுத்து முறுக்கிக் குழந்தையின் மணிக்கட்டில் கடிகாரமாகக் கட்டிவிடுவதை எந்த அச்சும் வெல்லாது. செய்பவரைப் பார்த்துக்கொண்டே வாங்குவதுதான் அதில் பாதி இனிப்பு. ஆகவே இந்தத் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ அச்சுச் சாக்லேட் செய்ய எண்ணும் வீட்டார், போடி ஏலக்காயைத் தட்டிப்போட்டு ஒரு படி கடலையையும் உருட்டப் பார்க்கட்டும். அதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆட்களை அழைக்கட்டும், வீட்டு ஆண்களையும் சட்டியருகே உட்காரவைக்கட்டும்.